ஆறாவது ஆணி

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
05.02.1974

அன்பின் மச்சான் சிவகுருவுக்கு,

அலியார் எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் நானும் நபீஸாவும் பிள்ளைகளும் சுகம். நீயும் தங்கேஸ்வரியும் கொழும்பில் பாண் வரிசையில் நின்று இளைத்துப்போகாமல் இருக்க வேண்டும். நாம் ஒன்றாய் வேலை செய்த வெள்ளைக்காரனின் விமானப் பட்டறையை விட்டு நீ விமானத் திணைக்களக் கந்தோருக்குப் போய்ப் பதினேழு வருசம். வருசத்துக்கு ஒரு கடிதம் என்று வைத்தாலும் எனக்கு இன்னும் பத்துக் கடிதம் வர வேண்டும்.

இந்தமுறை நான் காரியத்தோடுதான் வருகிறேன். என் மருமகன் அன்ஸார் சீனக்குடாவில் ஒரு கம்பனியின் சின்ன விமானத்துக்கு மெக்கானிக்காக இருப்பது உனக்குத் தெரியும். நிலாவெளி ஹோட்டல்களுக்கு வரும் வெள்ளைக்காரரை ஏற்றிக் குடாவைச் சுற்றிக் காட்டுகிற விமானம். நாலு பேர் இருக்கலாம். முன்னால் விமானியும் இவரும். பழைய காலத்துச் சாமான், அதைச் செய்த இங்கிலாந்துக் கம்பனி கடையைச் சாத்தியே பத்து வருசம். வேறெங்காவது உதிரிப்பாகம் இருந்தாலும் இறக்கப் பெர்மிட் கிடையாது. கொத்தமல்லிக்கே பெர்மிட் இல்லாத நாட்டில் விமானத்துக்கா கொடுக்கப்போகிறார்கள்?

விமானத்தின் மூக்கை மேலும் கீழும் திருப்ப வாலில் ஒரு பலகை ஏறி இறங்குமல்லவா, அதன் பிணைச்சலுக்குள் ஓடுகிற ஆணிதான் இப்போது பேச்சு. என் நடுவிரல் அளவு. வருசத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், வருகிற ஆவணியில் முறை. 1957இல் வெள்ளைக்காரன் போகும்போது பட்டறைக் களஞ்சியத்தை ஏலம் விட்டார்களே, அதில் நான் எடுத்த ஒரு பெட்டிக்குள் அதே ஆணி எண்ணெய்க் கடதாசி சுற்றியபடி கிடந்தது. ஒவ்வொன்றிலும் கம்பனி எண் குத்தியிருக்கிறது. இப்போது ஐந்து கையில் உண்டு. ஆனால் தை மாதம் உன் கந்தோர் ஒரு சுற்றறிக்கை விட்டதாம்: கடதாசி இல்லாத பழைய சாமான் பூட்டக்கூடாது, வேண்டுமென்றால் அசலை அளந்து, படம் கீறி, புதிதாகச் செய்து, அனுமதி எடுக்கலாம். அசல் பெட்டியில் கிடக்க நகலுக்கு அனுமதி கேட்கிறவன் இந்த உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஐந்தையும் அளந்து படம் கீறி, மூன்று ஆணி செய்துவிட்டேன். விண்ணப்பம் இத்தோடு வருகிறது. விசாரித்தபோது அந்த மேசை உன்னுடையது என்றார்கள். எனக்குச் சிரிப்பும் சந்தோசமும். உன் இடக்கைக் கையொப்பம் கள்ளுக் குடித்தவன் மாதிரிச் சாய்ந்து நின்றாலும் செல்லுந்தானே? அது ஒன்றுதான் குறை.

மகள் றம்லா ஐந்து மாதக் கர்ப்பிணி. "சிவகுரு மாமாவுக்குச் சொல்லுங்க வாப்பா" என்றாள். சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு உன் மச்சான்,
அலியார்


வெள்ளவத்தை,
கொழும்பு.
21.02.1974

அன்புள்ள அலியார்,

உன் கடிதமும் விண்ணப்பமும் கிடைத்தன. றம்லாவை நினைக்கச் சந்தோசம். என் தோளில் ஏறிக் காதைப் பிடித்துத் திருகிய பிள்ளை. தங்கேஸ்வரி எலுமிச்சங்காய் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள், யாராவது வந்தால் கொடுத்துவிடுவோம்.

இனிக் காரியம். நண்பன் என்று பார்க்காமல் எழுதுகிறேன், குறை விளங்காதே. உன் படம் மிக அழகு. அழகுதான் எனக்குச் சந்தேகம். ஐந்து அசலையும் அளந்ததாக எழுதியிருக்கிறாய், ஐந்துக்கும் ஒரே அளவு வந்திருக்கிறது. தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் செய்யும் சாமான் ஒன்றுக்கொன்று மயிரிழையாவது கூடிக் குறைந்து நிற்கும். அதைக் கண்டுபிடிக்கத்தான் ஐந்து அளக்கச் சொல்வது. ஒரு ஆணியை அளந்துவிட்டு மற்ற நாலுக்கும் அதே எண்ணைப் போட்டாயா? அல்லது ஐந்தையும் நீயே கடைந்து அசல் என்று வைத்திருக்கிறாயா? மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். உனக்குக் கனம் இல்லையென்றால் கோபிக்காமல் பதில் எழுது.

அந்தப் பெட்டி உன்னிடம் எப்படி வந்தது, அதில் வேறு என்ன இருந்தது என்று விபரமாக எழுது. அசல் ஆணிகளையும் எனக்கு அனுப்பு. ஒரு கண்டிப்பு: அவற்றில் அரம் வைக்காதே, வேறு சோதனையும் செய்யாதே. கீறல் விழுந்த அசலை இங்கே ஏற்கமாட்டார்கள். இரும்பின் பலத்தை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

அன்புடன்,
சிவகுருநாதன்


திருகோணமலை.
03.03.1974

அன்பின் சிவகுரு,

கோபிக்காமல் எழுதச் சொன்னாய். மூன்று நாள் கழித்து எழுதுகிறேன், அதுதான் என்னால் முடிந்த கோபிக்காமை.

நான் ஐந்தையும் ஐந்து நாளில் அளந்தேன், காலைக் குளிருக்குள், மைக்ரோமீற்றரைத் துடைத்துத் துடைத்து. ஒரே அளவு வந்ததும் என் கண்ணில்தான் பிழை என்று கண்ணாடி மாற்றிப்போட்டுத் திரும்ப அளந்தேன். அசல் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று வியந்தேன். நீ அதையே எனக்குக் குற்றமாக்கிவிட்டாய். தலைப்பக்கத்தில் பூட்டுத்தகடு அமர ஒரு தட்டை முகம் இருக்கிறதே, அது இடப்பக்கம் ஒரு நூல் சரிந்திருக்கிறது. ஐந்திலும் அப்படித்தான். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் வெள்ளைக்காரன் காரணமில்லாமல் சரிக்கமாட்டான், கூட்டவோ குறைக்கவோ நாம் யார் என்று படத்திலும் அதை அப்படியே கீறினேன். என் மூன்று ஆணியிலும் அந்தச் சரிவைக் கொண்டுவர வைஸில் தலைகீழாகப் பிடித்து அரத்தால் ராவ வேண்டியிருந்தது. களவாகச் செய்கிறவன் இவ்வளவு பாடுபடுவானா?

பெட்டி ஏலத்தில் எடுத்தது என்று முதலிலேயே எழுதினேன். ஆணியோடு கிடந்தவை வால்வும் வொஷரும் பழைய துணியும். போதுமா?

பக்கத்து இரும்புக்கடைப் பாக்கியரத்தினத்திடம் உன் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். "உந்தக் கந்தோர்காரர் சும்மா கேள்வி கேக்கமாட்டினம் அலியார், ஏதோ எதிர்பார்க்கினம்" என்றார். "சிவகுரு அப்பிடிப்பட்டவனில்லை" என்று அவரோடு சண்டை பிடித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்தால் எனக்கும் ஒரு யோசனை ஓடுகிறது. உன் மகள் கலியாணத்துக்கு நான் வரவில்லை என்ற மனக்கசப்பு இன்னும் இருக்கிறதா? அந்தக் கிழமை நபீஸா ஆஸ்பத்திரியில் கிடந்தது உனக்குத் தெரியும். அதற்காக என்றால் என்னை நேரே ஏசு. ஆணியில் கொண்டுபோய்த் தீர்க்காதே.

நாலு ஆணியைப் பாக்கியரத்தினத்திடம் கொடுத்துவிடுகிறேன், நாளை மெயில் ரயிலில் வருகிறார். ஒன்றை நான் வைத்துக்கொள்கிறேன். அரம் வைக்கவில்லை. எண் குத்தின சாமானில் அரம் வைக்கிற வழக்கம் எனக்கும் இல்லை.

அலியார்


வெள்ளவத்தை.
29.03.1974

அன்புள்ள அலியார்,

நாலும் கிடைத்தன. பதில் பிந்திவிட்டது. பலம் பார்க்கும் இயந்திரம் மாசி மாதத்திலிருந்தே பழுது. திருத்தும் ஆள் வரவில்லை. அதனால் ஒன்றையும் சோதிக்க ஏலவில்லை. விண்ணப்பத்தை நிறுத்தி வைத்திருக்கிறேன். மகள் கலியாணத்தை நான் நினைக்கவே இல்லை, அதை விடு.

ஆவணி வரைக்கும் காலம் இருக்கிறதுதானே? ஏன் அவசரம்? நான் சொல்வதைக் கேட்டால், விண்ணப்பத்தை நீயாகவே திருப்பி எடுத்துக்கொள். கம்பனி வேறு வழி பார்க்கட்டும். வீண் கேள்விகள் வரும், உனக்குத்தான் தலையிடி.

ஒன்று கேட்க வேண்டும். அந்தப் பெட்டியில் ஐந்துதான் இருந்ததா? விமானத்தில் இப்போது ஓடுகிற ஆணி எங்கே எடுத்தது?

தங்கேஸ்வரி நபீஸாவைச் சுகம் கேட்டாள்.

சிவகுரு


திருகோணமலை.
09.04.1974

சிவகுருவுக்கு,

இயந்திரம் பழுது என்று எழுதியிருக்கிறாய். பாக்கியரத்தினம் பங்குனி ஐந்தாம் திகதி உன் கந்தோரில் பொதியைக் கொடுத்துவிட்டு, பற்றுச்சீட்டுக்காக வெளி வாங்கில் குந்தியிருந்திருக்கிறார். நீ உள்ளே போய் என் ஆணியில் ஒன்றை எடுத்து அந்த இயந்திரத்தில் வைத்து அழுத்தியதைக் கண்ணாடி வழியாகத் தன் கண்ணால் பார்த்தாராம். "முள்ளைப் பார்த்தார், ஆளின்ர முகம் கறுத்துப்போச்சு, கெதியா எடுத்துத் துணியில சுத்திப்போட்டார்" என்று இங்கே வந்து சொன்னார். நான் நம்பவில்லை. உன் கடிதத்தைப் பார்த்த பிறகு நம்புகிறேன்.

ஏன் பொய், சிவகுரு? இதைத்தான் போன கிழமை முழுக்க யோசித்தேன். லேத்தில் நின்றாலும் அது, தொழுகையில் நின்றாலும் அது. உன் கந்தோர்க்காரர் யாருக்காவது இந்த ஆணியை வேறு பட்டறைக்குக் கொடுக்க விருப்பமா? என் படத்தை வைத்து வேறொருவன் செய்யப்போகிறானா? அப்படியென்றால் சொல்லிவிடு. முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்கிற வேலை உனக்கு வராது. நீ எழுதுகிற ஒவ்வொரு வரியிலும் அது எட்டிப் பார்க்கிறது.

நீ கேட்டதற்குப் பதில்: பெட்டியில் இருந்தது ஆறு. ஆறாவதுதான் விமானத்தில் ஓடுகிறது. போன ஆவணியில், சுற்றறிக்கை வருமுன்னர், அன்ஸார் தன் கையால் பூட்டினது. கம்பனி எண் குத்தின அசல் என்றபடியால் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. நல்லாகத்தான் ஓடுகிறது என்கிறார். வருசப்பிறப்பு லீவுக்கு ஹோட்டல் நிறைய ஆட்கள், பதின்மூன்றாம் திகதியிலிருந்து நாளுக்கு மூன்று தரம் பறக்கப்போகிறார்களாம்.

றம்லாவுக்கு ஏழு மாதம். புருசன் மேலே போகும்போதெல்லாம் முற்றத்தில் வந்து நின்று அண்ணாந்து பார்க்கிறாள். இதை உனக்கு ஏன் எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

அலியார்


தந்தி
கொழும்பு, 12.04.1974
அலியார், உட்துறைமுக வீதி, திருகோணமலை.
விமானம் பறக்கவேண்டாம். ஆணி உடன் கழற்றவும். கடிதம் பின்னால். சிவகுருநாதன்.


வெள்ளவத்தை.
12.04.1974

அன்புள்ள அலியார்,

தந்தி கிடைத்திருக்கும். உன் கடிதம் நேற்றுப் பின்னேரம் கைக்கு வந்தது. இன்று பெரிய வெள்ளி, பஸ்ஸும் ஒழுங்காக இல்லை. தந்தி அடிக்கக் கோட்டை வரைக்கும் நடந்து போனேன்.

இயந்திரம் இந்தக் கிழமைதான் திருந்தி வந்தது. பாக்கியரத்தினம் பார்த்தது வேறு இயந்திரமாக இருக்கும். நேற்றுச் சோதித்தேன். நாலும் பச்சை இரும்பு. விமானத்துக்குரிய உருக்கு அல்ல, யன்னல் கம்பிக்கு உதவும். வெள்ளைக்காரன் காலத்தில் யாரோ செய்த களவு. அப்போது அங்கே எத்தனை பேர் வேலை செய்தார்கள்! யார் செய்தது என்று இனித் தேடி ஒருவருக்கும் பயனில்லை. ஆணியைக் கழற்றிவிட்டால் கதை முடிந்தது.

உன்னிடம் உள்ள ஐந்தாவதையும், விமானத்தில் கழற்றுவதையும் எனக்கு அனுப்பிவிடு. விண்ணப்பத்தைத் திருப்பி எடு. பிறகு புதிதாக ஒன்று போடு, நான் ஒரே கிழமையில் கையொப்பம் வைத்துத் தருகிறேன். இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு.

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அலியார். தங்கேஸ்வரி என்ன என்று கேட்கிறாள். சொல்ல ஏலவில்லை. அன்ஸார் சுகம் என்று ஒரு வரி உடனே எழுது.

உன்,
சிவகுரு


திருகோணமலை.
19.04.1974

சிவகுருநாதன் அவர்களுக்கு,

அன்ஸார் சுகம்.

தந்தி பதின்மூன்றாம் திகதி காலை பத்து மணிக்கு வந்தது. விமானம் ஒன்பதே முக்காலுக்கே ஏறிவிட்டது. வாடகைக் கார் பிடித்துச் சீனக்குடாவுக்குப் போனேன். வானொலியில் இறங்கச் சொல்லுங்கள் என்று கம்பனிக்காரரிடம் கத்தினேன். அவர் தந்தியை இரண்டுதரம் வாசித்து, என்னை ஏற இறங்கப் பார்த்து, பிறகுதான் எழும்பிப் போனார். நான் புல்லில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூதூர்ப் பக்கமாய்ப் போய்க் கோணேசர் மலையைச் சுற்றி வந்தது. அது மூக்கைத் தாழ்த்தும்போதெல்லாம் வாலைத்தான் பார்த்தேன். ஓதத் தெரிந்ததெல்லாம் ஓதினேன். இருபது நிமிடத்தில் இறங்கியது. அன்ஸார் சிரித்துக்கொண்டு வந்தார். "என்ன மாமா, இப்புடி வேர்த்திருக்கீங்க?" என்று கேட்டார். வாலைக் காட்டி ஆணியைக் கழற்றச் சொன்னேன்.

ஆணியைக் கழற்றினோம். நடுவில் மூன்றில் ஒரு பங்கு தேய்ந்து இடுப்பு மாதிரி ஒடுங்கியிருந்தது, கொஞ்சம் வளைந்தும் இருந்தது. அந்த லீவு முடியும்வரை தாங்கியிருக்காது என்று அன்ஸார் சொன்னார். அதன் பிறகு அவரும் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, என்னிடம் இருந்த ஐந்தாவதை வைஸில் வைத்து அரத்தை ஒருதரம் இழுத்தேன். வெண்ணெய் மாதிரி வெட்டியது. ஒரு இழுப்பு. இரண்டு மாதத்துக்கு முன்னர் அதைச் செய்திருந்தால் எல்லாம் அன்றைக்கே தெரிந்திருக்கும். மைக்ரோமீற்றரை ஐந்திலும் வைத்தேன், அரத்தை ஒன்றிலும் வைக்கவில்லை. எண் குத்தியிருந்தால் அது அசல் என்று பட்டறையில் படித்த மரியாதை. நீங்களும் வைக்காதே என்று எழுதினீர்கள்.

பிறகு ஆணியைத் திருப்பிப் பார்த்தேன். தட்டை முகத்தில் இடப்பக்கச் சரிவு. என் மூன்றில் அதைக் கொண்டுவர நான் ஏன் தலைகீழாகப் பிடிக்க வேண்டி வந்தது என்று அப்போதுதான் விளங்கியது. அது இயந்திரம் வெட்டிய முகம் அல்ல, கை ராவிய முகம். இடக்கை. அந்தப் பட்டறையில் அரத்தை இடக்கையால் பிடித்தவர் ஒருவர்தான். ஆறும் ஒரே அளவாக வரக் கடையக்கூடியவரும் அவர்தான்.

1956இல் களஞ்சியக் கணக்கெடுப்புக்கு முந்தின கிழமை. "ஆறு சாமான் குறையுது மச்சான், போமன் பிடுங்கித் தின்னுறான். உன்ர எண் குத்துற அச்சை ஒருக்காத் தா" என்று கேட்டீர்கள். தந்தேன். எதற்கென்று கேட்கவில்லை. அது என் பங்கு, அதை நான் மறைக்கப்போவதில்லை. கணக்கெடுப்பு நல்லபடி முடிந்தது. பட்டறையை மேற்பார்த்த அந்தப் போமன் உங்களுக்கு நற்சான்று எழுதினான். அதைக் கொண்டுபோய்க் கந்தோரில் வேலை எடுத்தீர்கள். நாங்கள் எல்லோரும் உங்களுக்குத் தேத்தண்ணி விருந்து வைத்தோம்.

ஆணி செய்ததற்காக எனக்குக் கோபம் இல்லை. இளந்தாரி வயது, தட்டில் ஒருநாள் இருக்கச் செய்த சாமான், பறக்கச் செய்ததல்ல. பிறகு எடுக்க மறந்திருப்பீர்கள், அல்லது பயந்திருப்பீர்கள். நேரே எழுதியிருந்தால் நானே பெட்டியோடு கடலில் போட்டிருப்பேன்.

ஆனால் நீங்கள் செய்தது ஆறு. என் படத்தில் உங்கள் சரிவைக் கண்ட அன்றே, அலியாரிடம் ஐந்துதான் இருக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரியும். ஆறாவது எங்கே என்று மாசி இருபத்தோராம் திகதிக் கடிதத்திலேயே என்னைக் கேட்டிருக்கலாம். அன்றைக்கு நீங்கள் கேட்டது நான் கள்ளனா என்று. நீங்கள் தந்தி அடிக்கும்வரை ஐம்பது நாள். அன்ஸாரின் பதிவுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அந்த ஐம்பது நாளில் அவர் முப்பத்தேழு தரம் மேலே போயிருக்கிறார். ஒவ்வொரு தரமும் றம்லா முற்றத்தில் நின்றாள். காதைத் திருகிய பிள்ளை என்று எழுதினீர்களே, அந்தப் பிள்ளை.

ஐம்பது நாளும் உங்களைப் பற்றி நான் எத்தனையோ விதமாகச் சந்தேகப்பட்டேன். லஞ்சம், பொறாமை, கலியாணத்துக் கோபம். எதிலும் இவ்வளவு தூரம் போகவில்லை.

புதுப்படம் கீறிவிட்டேன். முகம் மட்டமாக இருக்கிறது. பழைய லொறியொன்றின் வில்லுத் தகட்டு உருக்கில் மூன்று ஆணி செய்து, காய்ச்சி எண்ணெயில் தோய்த்து, அரம் வழுக்கும்வரை பார்த்த பிறகுதான் பொதி கட்டினேன். விண்ணப்பம் இந்தமுறை உங்கள் மேலதிகாரியின் பெயருக்குப் போகிறது, பழைய ஐந்தாவதும் ஆறாவதும் அதோடு போகின்றன. அசல் எது, நகல் எது என்று அவர்கள் கேட்பார்கள் என்பதால் நடந்ததை எல்லாம் எழுதியிருக்கிறேன், எண் அச்சு என்னுடையது என்பதையும். ஆறையும் செய்தவர் பெயர் வர வேண்டிய இடத்தை மட்டும் வெறுமையாக விட்டிருக்கிறேன். அது உங்கள் மேசைக்கும் வரும். நிரப்புவதும் விடுவதும் உங்கள் விருப்பம். ஆனால் அனுமதிக் கடதாசியில் உங்கள் கையொப்பம் வேண்டாம். வேறு யாராவது வைக்கட்டும்.

கிழிக்கச் சொன்ன கடிதத்தைக் கிழிக்கவில்லை. ஒருவருக்கும் காட்டவும் இல்லை.

றம்லா உங்களைச் சுகம் கேட்டு எழுதச் சொன்னாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. பிள்ளை பிறந்ததும் தங்கேஸ்வரிக்கு எழுதுவேன்.

மு. அலியார்